பள்ளி மன்றங்களும் நம் பிள்ளைகளின் வேலைவாய்ப்பும்

(ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில் தென்காசியில் நடைபெற்ற மாணவர் - பெற்றோர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



ஒவ்வோர் ஆண்டும் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியானதும் அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்கு நம் ஜமாஅத் பரிசளித்துப் பாராட்டுகிறது. அல்ஹம்துலில்லாஹ், அது நல்ல மரபு. அந்த மரபோடு சேர்ந்து வளர வேண்டிய இன்னொன்றைப் பற்றிப் பேசவே நான் வந்திருக்கிறேன். பள்ளியில் பாடவேளைக்கு வெளியே இயங்கும் மன்றங்கள், படைகள், முகாம்கள் ஆகியவற்றில் நம் பிள்ளைகள் சேர வேண்டும்; பெற்றோர் அதற்குத் தடையாக இருத்தல் கூடாது; ஜமாஅத்தும் தன் பங்குக்கு அவர்களிடம் உண்மையான பொறுப்புகளை ஒப்படைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியராகவும், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். முகாமுக்குப் பிள்ளையை அனுப்பச் சம்மதம் கேட்டுப் படிவம் கொடுத்தனுப்பினால், கையெழுத்து இல்லாமல் திரும்பி வரும் படிவங்களில் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் அதிகம் இருக்கும். "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? இதனால் என்ன வேலை கிடைக்கப் போகிறது?" என்பதே பெற்றோர் கேட்கும் கேள்வி. அது நியாயமான கேள்வி. பிள்ளையின் வயிற்றுப்பாட்டை நினைத்துக் கேட்கப்படும் கேள்வி. ஆகவே அதற்கு நேரான விடை சொல்ல முயல்கிறேன்.

மத்யன் நகரத்து நேர்முகத் தேர்வு

வேலைக்கு ஆள் எடுப்பவர் எதைப் பார்த்து எடுக்கிறார்? திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயமாகிய சூரத்துல் கஸஸில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இங்குள்ள ஆலிம் பெருமக்கள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

எகிப்திலிருந்து உயிருக்கு அஞ்சி வெளியேறிய மூஸா (அலை) அவர்கள் மத்யனின் நீர்த்துறையை வந்தடைகிறார்கள். கையில் பொருளில்லை, அந்த ஊரில் அறிந்தவர் எவருமில்லை. அங்கே மேய்ப்பர்கள் கூட்டமாகத் தங்கள் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டிக் கொண்டிருக்க, இரு பெண்கள் மட்டும் தங்கள் ஆடுகளைத் தடுத்து நிறுத்தி ஒதுங்கி நிற்கிறார்கள். தந்தை முதியவர், மேய்ப்பர்கள் விலகிய பிறகே தங்களால் நீர் காட்ட முடியும் என்கிறார்கள். மூஸா (அலை) அவர்கள் கூலி பேசவில்லை. நீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலில் ஒதுங்கித் தம் இறைவனிடம் தேவையை முறையிடுகிறார்கள்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அப்பெண்களில் ஒருவர் நாணத்தோடு வந்து, தந்தை அழைப்பதாகச் சொல்கிறார். அதன்பின் தந்தையிடம், இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறார். அதற்கு அவர் காட்டிய காரணங்கள் இரண்டு: ஒன்று, வலிமை, மற்றொன்று, நம்பிக்கைக்குரிய தன்மை. எட்டு ஆண்டுப் பணி; விரும்பினால் பத்தாகப் பூர்த்தி செய்யலாம் என்று ஒப்பந்தம் ஆகிறது.

இதில் நமக்குப் பாடங்கள் பல உண்டு. வேலை கிடைப்பதற்கு முன்னரே, கூலி எதிர்பாராத ஒரு சேவையில் அவர்களுடைய தகுதி வெளிப்பட்டுவிட்டது. வலிமை என்பதை இன்றைய பேச்சில் திறமை என்று விரித்துக்கொள்ளலாம். அதைத் தேர்வு வைத்து ஓரளவு அளந்துவிடலாம். ஆனால் அமானிதம் பேணுகிற குணத்தை எந்தத் தேர்வுத் தாளாலும் அளக்க முடியாது. பொறுப்பை ஒருவர் கையில் கொடுத்து, அவர் அதை எப்படிச் சுமக்கிறார் என்று பிறர் பார்த்திருந்தால்தான் தெரியும். பள்ளி மன்றம் என்பது பிள்ளைகளுக்கு அத்தகைய சிறு சிறு அமானிதங்களைக் கொடுத்துப் பழக்கும் இடம்.

நம் மண்ணிலிருந்து இரு சான்றுகள்

நெல்லைச் சீமையில் பேட்டையைச் சேர்ந்த கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களை அறியாதவர் இங்கே இருக்க மாட்டார்கள். 1896ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று பிறந்த அவர்கள், 1909ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அப்போது அவர்களுக்கு வயது 13. இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் நம் பிள்ளைகளின் வயது! சங்கம் என்றால் கூட்டம் கூட்ட வேண்டும்; மாற்றுக் கருத்துடையவரையும் அணைத்துச் செல்ல வேண்டும்; எடுத்த முடிவை நிறைவேற்ற வேண்டும். அந்த வயதில் தொடங்கிய பழக்கம் பின்னாளில் சென்னையில் தோல் வணிகத்திலும், சட்டமன்றத்திலும், தமிழுக்காகக் குரல் கொடுத்த அரசியல் நிர்ணய சபையிலும், நாடாளுமன்றத்திலும் அவர்களோடு சென்றது. 1972இல் அவர்கள் மறையும் வரை மாற்றாரும் மதித்தது அவர்களுடைய நேர்மையைத்தான்.

இரண்டாவது சான்று, முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். அவர்களை ஏவுகணை விஞ்ஞானியாக அறிவோம். ஆனால் தம் வரலாற்று நூலாகிய ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவர்கள் மறக்காமல் குறிப்பிடும் இரு செய்திகள் வகுப்பறைக்கு வெளியே நடந்தவை. திருச்சி புனித வளனார் கல்லூரி விடுதியில் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது சைவ உணவுக்கூடத்தின் செயலாளராக இருந்தார்கள். பலருக்கும் வேளாவேளைக்கு உணவு கிடைக்கச் செய்யும் பொறுப்பு அது. பின்னர் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்றபோது, அங்கிருந்த தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. நமது விமானத்தை நாமே உருவாக்குவோம் என்னும் பொருளில் தமிழில் கட்டுரை எழுதி, அன்றைய ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் அவர்கள் கையால் முதல் பரிசு பெற்றார்கள். பொறியியல் மாணவருக்குத் தமிழ்க் கட்டுரைப் போட்டி எதற்கு என்று அன்று யாரும் தடுக்கவில்லை. கடினமான அறிவியலை எளிய மக்களுக்கும் புரியும்படி எடுத்துச் சொல்லும் ஆற்றலால்தான் பிற்காலத்தில் கோடிக்கணக்கான மாணவர்களின் மனங்களில் அவர்கள் இடம்பிடித்தார்கள். அந்த ஆற்றல் பயின்ற இடங்களுள் ஒன்று ஒரு கல்லூரித் தமிழ்ச் சங்கம்.

கடல் கடந்த முன்னோர்

நம் ஊர்க்காரர்களின் வரலாறே இதற்குச் சாட்சி. தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் சிங்கப்பூருக்குப் பிழைக்கச் சென்றவர்கள் பெரும்பாலும் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். துறைமுகக் கூலிகளாகவும் சிறு வியாபாரிகளாகவும் வாழ்ந்தவர்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். ஆனால் சங்கம் அமைக்கத் தெரிந்தவர்கள். 1941ஆம் ஆண்டில் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவாயிற்று. போரின் அழிவெல்லாம் கண்ட பின்னர், 1946இல் அவர்கள் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடைபெற்றது. அப்பெயர் இன்றும் அங்கே உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையமாக வாழ்கிறது. தென்காசி முஸ்லிம்களும் அந்நாட்டில் தங்களுக்கெனச் சங்கம் கண்டார்கள்.

சந்தா வசூலித்து, கணக்கு எழுதி, கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டுப் பழகியதால்தான் உழைப்பாளிகளால் ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்த முடிந்தது. ஊரோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கத் தெரிந்தவருக்கு எந்த நாட்டிலும் பிழைப்பு உண்டு என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம், பிள்ளைகளைத் தனிப்பயிற்சி வகுப்புக்கும் வீட்டுக்கும் இடையே மட்டும் நடமாட விட்டால், அந்தப் பழக்கம் நம்மோடு அற்றுப்போகும்.

பள்ளியில் என்னென்ன உண்டு?

மன்றங்கள் என்று பொதுவாகச் சொல்வதைவிட, அவற்றுள் சிலவற்றை எடுத்துச் சொல்வது பெற்றோருக்குப் பயன்படும்.

முதலாவது, இலக்கிய மன்றம். மன்றம் என்பது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. ரசிகமணி டி.கே.சி. அவர்கள் திருநெல்வேலியில் தம் வீட்டில் நடத்திய வட்டத்தொட்டியும், பின்னர் அவர்கள் வாழ்ந்த குற்றாலத்து இல்லமும் நண்பர்கள் கூடிப் பேசும் மன்றங்களாகவே விளங்கின. பள்ளி இலக்கிய மன்றத்தில் மாணவன் வரவேற்புரை சொல்கிறான், நன்றியுரை சொல்கிறான், ஐந்து நிமிடத்தில் ஒரு கருத்தைச் சொல்லி அமரப் பழகுகிறான். முதல் முறை மேடையேறும்போது கை நடுங்கும். மூன்றாம் முறை நடுக்கம் குறையும். நேர்முகத் தேர்வில் நான்கு அதிகாரிகளுக்கு முன் அமரும் நாளில்தான் இதன் அருமை தெரியும்.

இரண்டாவது, தேசிய மாணவர் படை. 1948இல் தொடங்கப்பட்டது. பள்ளி மாணவர்களுக்கு ‘ஏ’ சான்றிதழும், கல்லூரி மாணவர்களுக்கு ‘பி’, ‘சி’ சான்றிதழ்களும் உண்டு. ‘சி’ சான்றிதழை உரிய தரத்தில் பெற்ற பட்டதாரிகள், எழுத்துத் தேர்வின்றி நேரடியாகத் தேர்வு வாரிய நேர்காணலுக்குச் சென்று இராணுவ அதிகாரியாக வாய்ப்புப் பெறும் சிறப்பு வழியும் இருக்கிறது. மூன்றாவது, சாரணர் இயக்கம். உயர்ந்த விருது பெற்ற சாரண, சாரணியருக்கு ரயில்வேயில் தனி ஒதுக்கீட்டில் பணி வாய்ப்பு உண்டு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் காவலர் தேர்விலும் தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றுக்குச் சிறப்பு மதிப்பெண்கள் வழங்கப்படுகின்றன. அரை மதிப்பெண்ணில் வாய்ப்பு நழுவும் இக்காலத்தில் அதன் மதிப்பை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவி கற்பிக்கிறது. குற்றாலத்தின் அருகில் வாழும் நமக்கு அதன் தேவையை எவரும் சொல்ல வேண்டியதில்லை. 2024ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. அத்தகைய நேரத்தில் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் அறிந்த இளைஞர்கள் ஊருக்குப் பாதுகாப்பு. அதோடு, தீயணைப்புத் துறை, 108 அவசர ஊர்தி, மருத்துவமனை, சுற்றுலா விடுதி என்று எந்தப் பணிக்குச் சென்றாலும் அப்பயிற்சி அவர்களுக்குக் கைகொடுக்கும்.

அறிவியலில் ஆர்வமுள்ள சிறு பிள்ளைகளுக்காக, அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. கலைத் திருவிழாப் போட்டிகளும் அதே கல்வியாண்டில் தொடங்கின. உயர்கல்வியும் வேலையும் பற்றி வழிகாட்டும் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 அன்று அறிமுகமாயிற்று. இவற்றுக்கெல்லாம் பெற்றோர் தரவேண்டியது பெரும்பாலும் சம்மதம் ஒன்றே.

ஏழு நாள் முகாம்

நான் நெருங்கி அறிந்த நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இத்திட்டம் தொடங்கியது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட மணி நேரச் சேவையோடு, ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கிப் பணிசெய்யும் சிறப்பு முகாமும் இதில் உண்டு.

முகாம் என்றால் குப்பை அள்ளுவதும் மரக்கன்று நடுவதும் மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். முகாமுக்கு முன்பாகவே ஊராட்சித் தலைவருக்கும், தலைமையாசிரியருக்கும், சுகாதார நிலையத்துக்கும் மாணவர்கள் கடிதம் எழுதுவார்கள். தங்குமிடம், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றை முன்கூட்டியே சென்று பார்ப்பார்கள். முகாம் தொடங்கியதும் உணவுக் குழு, பணிக் குழு, கலைநிகழ்ச்சிக் குழு, அறிக்கைக் குழு எனப் பிரிவார்கள்.

உணவுக் குழுவின் பாடு பெரும்பாடு. ஐம்பது பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. கையில் இருப்பதோ அளவான தொகை. பாவூர்சத்திரம் சந்தையில் விடியற்காலையில் தக்காளி என்ன விலை, கத்தரிக்காய் என்ன விலை என்று விசாரித்து, இன்றைய சாம்பாரில் எந்தக் காயைப் போடுவது என்று முடிவெடுக்க வேண்டும். முதல் நாள் அரிசி மிஞ்சும். இரண்டாம் நாள் பற்றாக்குறையாகும். மூன்றாம் நாள் சரியான அளவு பிடிபட்டுவிடும். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். இரவு உறங்குமுன் வரவு செலவு நேராக வேண்டும்.

அப்படிக் கணக்கு எழுதிய மாணவர் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பில் நடுத்தர மதிப்பெண்களே பெற்றார். வளைகுடா நாட்டில் உணவகப் பண்டசாலையில் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் அதற்கே பொறுப்பாளரானார். விடுமுறையில் வந்தபோது என்னிடம் சொன்னார்: "சார், அங்கே போய் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது அரபிச் சொற்கள் மட்டும்தான். வரவு, இருப்பு, செலவு என்று எழுதுவதை நம் முகாமிலேயே கற்றுக்கொண்டேன்." கணக்கியல் பாடம் படிக்காத மாணவர் அவர்.

இன்னொரு பயனும் உண்டு. முகாமில் சாதி, மதம், வசதி என்ற வேறுபாடின்றி ஒரே பாயில் உறங்கி, ஒரே பந்தியில் உண்கிறார்கள். நம் பிள்ளை பிற சமயத்து நண்பர்களோடு ஒரு வாரம் வாழ்கிறான். அவர்களும் நம் பிள்ளை ஐவேளைத் தொழுகைக்கு எழுவதையும், பொய் பேசாமலிருப்பதையும் காண்கிறார்கள். நாளை அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் எல்லோரோடும் கலந்து பணியாற்றப் போகிறவனுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எது?

கதவு திறந்திருக்கிறது

நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை 2006ஆம் ஆண்டு வெளியானபோது, இந்திய ஆட்சிப் பணியில் முஸ்லிம்கள் 3 விழுக்காடு, காவல் பணியில் 4 விழுக்காடு, வெளியுறவுப் பணியில் 1.8 விழுக்காடு என்று அறிந்து வருந்தினோம். தமிழ்நாட்டில் 2007 முதல் கல்வியிலும் அரசுப் பணியிலும் நமக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் நம் ஊர் நூலகத்திலும் அமர்ந்து படிக்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது, நுழைவதற்கு நம் பிள்ளைகள் ஆயத்தமாக வேண்டும்.

தனியார் துறையிலும் காலம் மாறிவிட்டது. நம் ஊருக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் மென்பொருள் தயாரிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் பள்ளியை அந்நிறுவனம் நடத்துகிறது. அது தென்காசியிலும் இயங்குகிறது. கல்லூரிப் பட்டம் கேட்காத இடத்தில் பிள்ளையிடம் வேறு எதைக் காண்பார்கள்? தெரிந்ததைத் தெளிவாகச் சொல்கிறானா, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறானா, பிறரோடு சேர்ந்து வேலை செய்வானா என்பதைத்தானே! இவை மன்றங்களில் பழகி வருபவை.

பெற்றோரின் ஐயங்கள்

"மதிப்பெண் குறைந்துவிடுமே" என்பது முதல் ஐயம். பாடம் படிக்காமல் மன்றமே கதியென்று திரியும் பிள்ளையை நானும் ஆதரிக்க மாட்டேன். மதிப்பெண் தேவை, அது இல்லாமல் பல கதவுகள் திறவா. ஆனால் வாரத்தில் இரண்டு மணி நேரம் மன்றத்துக்குச் செலவிட்டதால் தோற்ற பிள்ளையை நான் கண்டதில்லை. அலைபேசியில் இரவெல்லாம் விழித்திருந்ததால் தோற்ற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

"பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்பது இரண்டாவது. பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. பெண்கள் பள்ளிகளில் இவை எல்லாம் ஆசிரியைகளின் பொறுப்பிலேயே நடைபெறுகின்றன. முகாமில் தங்க வைக்க மனமில்லையென்றால், பகல்நேரப் பணிகளிலும் இலக்கிய மன்றத்திலும் வினாடி வினாவிலும் முதலுதவிப் பயிற்சியிலும் சேர்த்துவிடலாம். மத்யனில் மூஸா (அலை) அவர்களின் தகுதியைச் சரியாக மதிப்பிட்டுத் தந்தைக்கு ஆலோசனை சொன்னவர் ஒரு பெண் என்பதை நினைவுகொள்ளுங்கள். பீடிச் சுற்றி வீட்டுக் கணக்கைப் பைசா பிசகாமல் நடத்தும் நம் தாய்மார்களின் மகள்களுக்கு நிர்வாகம் கற்றுத்தர வேண்டியதில்லை. வாய்ப்புத் தந்தால் போதும்.

மூன்றாவதாக, மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். சான்றிதழுக்காகப் பெயர் மட்டும் கொடுத்துவிட்டு, வருகைப் பதிவு முடிந்ததும் நழுவிவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது அமானித மோசடி. அப்படிப் பெற்ற தாளை எடுத்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குச் சென்றால், "முகாமில் நீ என்ன செய்தாய்?" என்னும் ஒரே கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஐந்து மன்றங்களில் பெயர் இருப்பதைவிட, ஒரே மன்றத்தில் ஒரு பொறுப்பை ஆண்டு முழுவதும் சுமப்பது மேல்.

ஜமாஅத்துக்கு என் வேண்டுகோள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இளைஞர்களை நம்பினார்கள். இளவயதினரான ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் யூதர்களின் எழுத்தைக் கற்றுவரச் சொல்லி, கடிதப் போக்குவரத்தை ஒப்படைத்தார்கள். அந்த ஸைத் (ரலி) அவர்களைத்தான் பின்னாளில் அபூபக்கர் (ரலி) அவர்கள் திருக்குர்ஆனை ஒன்று திரட்டும் மாபெரும் பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சிறு அமானிதத்தைப் பேணியவருக்குப் பெரிய அமானிதம் வந்து சேர்ந்தது. இவ்வழியில் நம் ஜமாஅத் செய்யக்கூடியவற்றை மூன்றாகச் சொல்கிறேன்.

ஒன்று: ரமளானில் நோன்புக் கஞ்சிப் பணியில் பிள்ளைகள் ஓடியாடி உழைக்கிறார்கள். கிண்ணம் கழுவவும் வரிசையை ஒழுங்குபடுத்தவும் அவர்களை அழைக்கும் நாம், கணக்கேட்டை மட்டும் பெரியவர்கள் கையில் வைத்துக்கொள்கிறோம். பள்ளிவாசலுக்கு அரசு வழங்கும் பச்சரிசிக்கான விண்ணப்பம் எழுதுவது முதல், அன்றாட அரிசி இருப்பு, நன்கொடை வரவு, மளிகைச் செலவு வரை ஒரு மாதக் கணக்கை ஐந்து மாணவர்களிடம் கொடுங்கள். பொருளாளர் அவர்கள் நாள்தோறும் சரிபார்க்கட்டும். பெருநாளுக்குப் பின் ஜமாஅத் கூட்டத்தில் அந்த மாணவர்களே எழுந்து கணக்கு வாசிக்கட்டும்.

இரண்டு: மாதம் ஒரு முறை, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே, மாணவர் மன்றம் கூடட்டும். பெரியவர்கள் கேட்பவர்களாக இருக்கட்டும். மாணவிகளுக்குப் பெண்கள் மதரஸாவில் இதேபோன்று தனியாக ஏற்பாடு செய்யலாம். பேச்சு, கட்டுரை, கணினி, ஆங்கிலம் என்று பொருளை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

மூன்று: முகாமுக்கும் போட்டிக்கும் வெளியூர் செல்ல வழியில்லாத ஏழை மாணவரின் பயணச் செலவைக் கல்வி நிதியிலிருந்து ஏற்றுக்கொள்ளலாம். ஆண்டுவிழாவில் மதிப்பெண்ணுக்குப் பரிசளிக்கும்போது, பொறுப்பைச் சிறப்பாக நிறைவேற்றிய ஒரு மாணவரையும் ஒரு மாணவியையும் சேர்த்துப் பாராட்டலாம். எதைப் பாராட்டுகிறோமோ அதையே பிள்ளைகள் நாடுவார்கள்.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. இளையவர்கள் மீது நம்பிக்கை வைத்தால் போதும். அவர்கள் கையில் கணக்கேட்டைக் கொடுத்தால் ஓரிரு கூட்டல் பிழைகள் வரலாம். பதினைந்து வயதில், பள்ளிவாசல் முற்றத்தில், நம் கண்ணெதிரே வரும் பிழை எளிதில் திருத்தப்படும். இருபத்தைந்து வயதில், அந்நிய நாட்டில், முதலாளியின் கல்லாவில் வரும் பிழை வேலைக்கே உலை வைக்கும்.

பெற்றோர்களே! அடுத்த முறை பள்ளியிலிருந்து சம்மதப் படிவம் வரும்போது, வேண்டிய விவரங்களை ஆசிரியரிடம் கேட்டறிந்து, மனநிறைவோடு கையெழுத்திடுங்கள். மாணவர்களே! அந்தக் கையெழுத்து உங்கள் பெற்றோர் உங்கள் மீது வைத்த அமானிதம், அதைப் பேணிக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான, விசாலமான ரிஸ்கையும், ஒப்படைக்கப்பட்டதைப் பேணும் குணத்தையும் தந்தருள்வானாக! நம் ஜமாஅத்தின் ஒற்றுமையை நிலைபெறச் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.